வாடகை வீட்டுச் சிக்கல்: பூட்டை மாற்றலாமா, டெபாசிட்டில் கழிக்கலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் வாடகைப் பேச்சு பெரும்பாலும் வாசற்படியிலேயே முடிந்துவிடுகிறது. "மாசம் எழுநூறு, ரெண்டு மாச டெபாசிட், அஞ்சாம் தேதிக்குள்ள போட்டுடுங்க" என்றதும் சாவி கைமாறும். தாளில் ஒன்றும் இருக்காது. ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள், ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள் என்ற நம்பிக்கைதான் காரணம். ஆனால் வாடகை நின்ற பிறகு இரு தரப்புமே தொடக்கூடாத இடத்தில் கை வைக்கிறார்கள். வீட்டுக்காரர் பூட்டை மாற்றுகிறார். குடியிருப்பவர் டெபாசிட்டைக் கடைசி மாத வாடகையாகக் கழித்துக்கொள்கிறார். இரண்டையும் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதையும், 2025 முதல் மாறியிருக்கும் முத்திரை வரிக் கணக்கையும் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதல் கேள்வி: அது எந்த வகை வீடு?

பட்டணத்தைச் சுற்றி மூன்று வகை வீடுகளில் மக்கள் இருக்கிறார்கள். மூன்றுக்கும் சட்டம் வேறு.

1. தோட்டத்து லய வீடு. இது வேலையோடு ஒட்டிவரும் தங்கும் அனுமதி; வாடகை உரிமை அல்ல. மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் சம்பளத்தில் பிடித்தாலும் அது குத்தகை ஆகிவிடாது. வீட்டின் தரம், தண்ணீர், கழிப்பறை ஆகியவற்றுக்கு 446ஆம் சட்டம் எனப்படும், தொழிலாளர் தங்குமிடக் குறைந்தபட்சத் தரங்களுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். புகாரைத் தொழிலாளர் இலாகாவிடம் கொடுக்க வேண்டும். இன்னொன்றும் அடிக்கடி நடக்கிறது. பட்டணத்தில் வீடு வாங்கிப் போய்விட்டவர், தன் பெயரில் இருக்கும் லய வீட்டை வேறொருவருக்கு மாதம் நூறு, நூற்றைம்பதுக்கு விடுகிறார். அப்படி உள்ளே வந்தவருக்குத் தோட்ட நிர்வாகத்தின் முன் எந்த உரிமையும் கிடையாது. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 89ஆம் கட்டளைப்படி, அனுமதியின்றி இருப்பவர்களை வெளியேற்றச் சுருக்கமான வழி உண்டு. நிர்வாகம் அதைப் பயன்படுத்தலாம்.

2. டிஓஎல் நிலத்து வீடு. டிஓஎல் என்பது அரசு நிலத்துக்கான தற்காலிகக் குடியிருப்பு உரிமம்; அது டிசம்பர் 31ஆம் தேதியோடு முடியும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உரிமத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். வீட்டுக்காரரின் உரிமையே ஆண்டுக்கு ஆண்டு என்கிறபோது, அவர் தரும் இரண்டு ஆண்டு வாக்குறுதியை நம்பி மூன்று மாதப் பணத்தைக் கட்டக்கூடாது.

3. தாமான் வீடு. தாமான் என்னும் குடியிருப்புப் பகுதியில், தனி கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) உள்ள வரிசை வீடு, கடைவீட்டு மாடி, அடுக்குமாடி. இங்கேதான் முறையான வாடகை உறவு உண்டாகிறது. இனி வருவதெல்லாம் இந்த வகைக்கே.

குடியேறும் முன் வாடகைக்கு விடுபவரின் பெயர் கிராண்டிலோ மதிப்பீட்டு வரி பில்லிலோ இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா பெயரில் வீடு, அப்பா காலமாகிப் பத்து ஆண்டு, பிள்ளைகள் கோலாலம்பூரில், பங்கு இன்னும் பிரியவில்லை என்ற நிலை இங்கே மிகுதி. சொத்து நிர்வாகியாக நியமனம் பெற்றவருக்குத்தான் வாடகைக்கு விடும் அதிகாரம் உண்டு. ஒரு பிள்ளையிடம் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கையில் இன்னொரு பிள்ளை வந்து வாசலில் நின்றால், குடியிருப்பவர் நடுவில் மாட்டிக்கொள்வார்.

தனி வாடகைச் சட்டம் இல்லை

குடியிருப்பு வாடகைக்கென்று மலேசியாவில் தனிச் சட்டம் இல்லை. வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு பல ஆண்டுகளாக ஒன்றைத் தயாரித்து வருகிறது. அந்தப் பேச்சை வைத்து இன்றைய வழக்கில் யாரும் உரிமை கோர முடியாது. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1997இல் நீக்கப்பட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு வாடகையை எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு உச்சவரம்பு கிடையாது. காலம் முடியும் முன் ஏற்றவும் முடியாது. ஒப்பந்தமே அதற்கு இடம் கொடுத்திருந்தால்தான் முடியும்.

ஆகவே ஒரு வழக்கில் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், தேசிய நிலச் சட்டம், 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம், ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம், டிஸ்ட்ரஸ் சட்டம் என்று பல இடங்களிலிருந்து விதிகள் வரும். இத்தனையும் தாளில் எழுதியிருப்பதைச் சுற்றியே வேலை செய்கின்றன. தாள் இல்லாதவருக்கு அவை பாதி உதவிதான் செய்யும்.

வாய்ப்பேச்சு செல்லுமா?

செல்லும். மூன்று ஆண்டுக்கு மேற்படாத வாடகையை வாய்மொழியாகவே உண்டாக்கலாம். நில அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. மூன்று ஆண்டைத் தாண்டினால் அது லீஸ், பதிவு வேண்டும். வாய்ப்பேச்சில் சிக்கல் ஆதாரத்தில்தான். எவ்வளவு டெபாசிட், எத்தனை மாத நோட்டீஸ், கூரை ஒழுகினால் யார் செலவு என்பதையெல்லாம் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அதனால் வாடகையைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். குறிப்பில் மாதத்தையும் வீட்டு எண்ணையும் போடுங்கள். கையில்தான் கொடுக்க வேண்டுமென்றால் ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

எழுதிய ஒப்பந்தம் முடிந்த பிறகும் குடியிருப்பவர் தங்கி, வீட்டுக்காரரும் வாடகையை வாங்கிக்கொண்டிருந்தால், அது பொதுவாக மாதாந்தர வாடகையாக மாறிவிடும். இரு தரப்பில் யார் முடித்துக்கொள்ள நினைத்தாலும் ஒரு மாத நோட்டீஸ் வேண்டும்; அது வாடகை மாதத்தின் கடைசி நாளில் முடிய வேண்டும். 1ஆம் தேதி தொடங்கும் வாடகைக்கு 15ஆம் தேதி நோட்டீஸ் கொடுத்து அடுத்த 15இல் காலி செய்யச் சொல்வது செல்லாமல் போகலாம்.

முத்திரை வரி: மாறியது என்ன?

முன்பு ஆண்டு வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு விலக்கு இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அந்த விலக்கு இல்லை. இப்போது ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும், அதற்குக் குறைந்த மிச்சத்துக்கும், ஓர் ஆண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு 1 ரிங்கிட், அதற்குமேல் மூன்று ஆண்டு வரை 3 ரிங்கிட், ஐந்து ஆண்டு வரை 5 ரிங்கிட், அதற்கும் மேல் 7 ரிங்கிட்.

மாதம் 700 ரிங்கிட் வாடகையை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8,400. அதை 250ஆல் வகுத்தால் 33.6, மேல்நோக்கி 34. ஓர் ஆண்டு ஒப்பந்தத்துக்கு 34 ரிங்கிட், இரண்டு ஆண்டுக்கு 102 ரிங்கிட். இரண்டாம் பிரதிக்கு 10 ரிங்கிட்.

கையெழுத்திட்ட 30 நாளுக்குள் முத்திரை இட வேண்டும். தாமதம் மூன்று மாதத்துக்குள் என்றால் அபராதம் 50 ரிங்கிட் அல்லது வரியில் 10%, எது அதிகமோ அது. மூன்று மாதம் தாண்டினால் 100 ரிங்கிட் அல்லது 20%. 2026 ஜனவரி 1 முதல் வாடகை ஒப்பந்தங்கள் சுயமதிப்பீட்டு முறைக்கு வந்துவிட்டன. கணக்கைப் போட்டுக் கட்டுவது நம் பொறுப்பு. உள்நாட்டு வருமான வரி வாரியமான எல்எச்டிஎன் பிறகு தணிக்கை செய்யலாம். வேறு ஏற்பாடு எழுதாவிட்டால் முத்திரை வரி குடியிருப்பவரின் செலவு.

34 ரிங்கிட்டை மிச்சம் பிடிப்பவர்கள் மறந்துவிடுவது ஒன்று உண்டு. முத்திரை இடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது. ஏற்க வைக்க அபராதத்தோடு பின்னர் கட்ட வேண்டும். அதுவும் வழக்கு அவசரமாக இருக்கும் நேரத்தில்.

டெபாசிட் யாருடைய பணம்?

வழக்கமான ஏற்பாடு: இரண்டு மாதப் பாதுகாப்பு டெபாசிட், அரை மாத யூட்டிலிட்டி டெபாசிட், முதல் மாத வாடகை. 700 ரிங்கிட் வீட்டுக்கு 1,400 + 350 + 700, ஆக 2,450 ரிங்கிட். இவ்வளவுதான் வாங்கலாம் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. இது வழக்கம் மட்டுமே.

டெபாசிட் என்பது குடியிருப்பவரின் பணம். வீட்டுக்காரரிடம் ஈடாக இருக்கிறது. இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன.

முதலாவது, குடியிருப்பவர் தன் விருப்பத்துக்குக் கடைசி இரண்டு மாத வாடகையாக அதைக் கழித்துக்கொள்ள முடியாது. கழித்தால் அந்த இரண்டு மாதமும் அவர் பாக்கிதாரர். வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து பார்த்தால் காரணம் புரியும். 1,400 போய்விட்டால் உடைந்த கதவுக்கும் கட்டாத தண்ணீர் பில்லுக்கும் அவர் கையில் 350 மட்டுமே இருக்கும். பல வீட்டுக்காரர்கள் டெபாசிட்டைத் திருப்பிக் கொடுக்க இழுக்கும் அனுபவம் குடியிருப்பவர்களை இப்படிச் செய்யத் தூண்டுகிறது என்பது உண்மை. அதற்கு மருந்து வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறோம்.

இரண்டாவது, வீட்டுக்காரர் டெபாசிட்டை அபராதம்போல விழுங்க முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டுக்குத்தான் இடம் தருகிறது. சுவர்ச் சாயம் மங்கியது, குழாய் வாஷர் தேய்ந்தது, சிமெண்டுத் தரை வெளுத்தது ஆகியவை தேய்மானம். அவற்றுக்குப் பிடிக்கக்கூடாது. விளக்கு வைத்த இடத்தில் கரிபிடித்து டைல் வெடித்தது, அனுமதியின்றிச் சுவரில் ஓட்டை போட்டு ஏர்கோன் மாட்டியது, கழிவறைக் குழாயில் துணி அடைத்தது ஆகியவை சேதம். அவற்றுக்குப் பிடிக்கலாம், ரசீதோடு.

சண்டை எல்லாம் "வரும்போதே அப்படித்தான் இருந்தது" என்ற ஒரு வரியில் வந்து நிற்கும். அதைத் தடுக்கச் சாவி வாங்கும் நாளில் ஒரு மணி நேரம் செலவழித்தால் போதும்:

1. எல்லா அறையின் நான்கு சுவர், தரை, கூரைத்தட்டு, கதவு, ஜன்னல், கழிப்பறை, சமையலறைத் தொட்டி ஆகியவற்றைப் படம் எடுங்கள். கூரைத்தட்டில் பழுப்பு வட்டம் இருந்தால் அது ஒழுகலின் அடையாளம், கிட்டத்தில் எடுங்கள்.
2. எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பத்து நிமிடம் பாருங்கள். முள் சுற்றினால் எங்கோ கசிவு இருக்கிறது. அந்த பில் உங்கள் தலையில் விழும்.
3. மின் பெட்டியில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். மின்சாரம் சட்டென்று அறுபட வேண்டும். அறுபடாவிட்டால் குடியேறும் முன் வயர்மேனை அழைக்கச் சொல்லுங்கள். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம், உயிர் விஷயம்.
4. மரச் சட்டங்களைத் தட்டிப் பாருங்கள். உள்ளே வெறுமையாக ஒலித்தால் கறையான்.
5. மின், தண்ணீர் மீட்டர் எண்களைப் படமெடுத்து, எல்லாவற்றையும் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். தேதியும் நேரமும் இரு தொலைபேசியிலும் பதிந்துவிடும்.

வெளியேறும் நாளிலும் இதையே செய்யுங்கள். இரு தரப்பும் உடன் இருந்தால் நல்லது. கடைசி பில்கள் வந்த பிறகு எத்தனை நாளில் டெபாசிட் திரும்ப வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எண்ணாக எழுதுங்கள். 14 நாள் போதுமானது.

திரும்பி வராவிட்டால் சிறு கோரிக்கை வழக்கு இருக்கிறது. மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 ரிங்கிட் வரை வக்கீல் இல்லாமல் தொடுக்கலாம். பாரம் 198ஐ நிரப்பி, ஒப்பந்தம், பணம் அனுப்பிய சான்று, படங்கள் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு 14 நாளில் பாரம் 199இல் பதில் தர வேண்டும். 1,750 ரிங்கிட் டெபாசிட்டுக்கு இதுவே சரியான கதவு. ஆனால் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவு இந்த வழியில் கிடைக்காது.

மின்கணக்கு பற்றி ஒரு வார்த்தை. மின்வாரியமான டிஎன்பியின் கணக்கு வீட்டுக்காரர் பெயரிலேயே இருந்தால் பாக்கியும், மீட்டரில் கை வைத்திருந்தால் அதற்கான பின்கணக்கு பில்லும் அவரிடமே வரும். நீண்டகால வாடகைக்குக் கணக்கைக் குடியிருப்பவர் பெயருக்கு மாற்றுவதே மேல். அப்போது டிஎன்பி தனியாக ஒரு டெபாசிட் கேட்கும்; அதற்கு ஈடாக யூட்டிலிட்டி டெபாசிட்டைக் குறைத்துக்கொள்வது நியாயம்.

வாடகை நின்றால் வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?

பூட்டை மாற்ற முடியாது. ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 7ஆம் பிரிவு, 2ஆம் உட்பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: வாடகை முடிந்த பிறகும் குடியிருப்பவர் தங்கியிருந்தால், நீதிமன்ற நடவடிக்கை வழியாக அன்றி வீட்டைத் திரும்ப எடுக்கக்கூடாது. ஆறு மாதம் பாக்கி வைத்தவரானாலும் இதே விதிதான். சாமானை வெளியே எடுத்துவைப்பது, கதவைக் கழற்றுவது, வெளியேற வைப்பதற்காக மின்சாரத்தையும் தண்ணீரையும் வெட்டுவது எல்லாம் வீட்டுக்காரரையே பிரதிவாதி ஆக்கிவிடும். "என் வீடு, நான் பூட்டுவேன்" என்ற வாதம் கேட்க இயல்பாக இருக்கும், நீதிமன்றத்தில் நிற்காது.

முறையான வரிசை இது:

1. தவணை தப்பிய வாரத்திலேயே தொகையும் தேதியும் குறித்து வாட்ஸ்அப் அனுப்புங்கள். மூன்று மாதம் பொறுத்துவிட்டுப் பேசுவதுதான் பெரிய தவறு. 2,100 ரிங்கிட் பாக்கி ஆகிவிட்டால் 1,400 டெபாசிட் அதை மூடாது.
2. பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். 14 நாள் அவகாசம் வழக்கம். நோட்டீஸை எங்கே, எப்படி அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறதோ அப்படியே செய்யுங்கள்.
3. பணம் வராவிட்டால் வாடகையை முடிக்கும் நோட்டீஸ். இதற்குப் பிறகு வரும் பணத்தை "வாடகை" என்று வாங்கிவிட்டால், முடித்த வாடகையைத் திரும்ப உயிர்ப்பித்ததாக வாதிட இடம் கிடைக்கும். வாங்கினால், தங்கியிருப்பதற்கான இழப்பீடாக, உரிமையை விட்டுக்கொடுக்காமல் வாங்குவதாக எழுதி வாங்குங்கள்.
4. நீதிமன்ற வழக்கு. வீட்டைக் காலியாக ஒப்படைத்தல், பாக்கி, அதோடு சிவில் சட்டத்தின் 28ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவின்படி இரட்டை வாடகை. மார்ச் 31இல் முடிந்த வாடகைக்கு ஜூன் 30 வரை தங்கினால், மாதம் 1,400 வீதம் மூன்று மாதத்துக்கு 4,200 ரிங்கிட். செஷன்ஸ் நீதிமன்றம் வீட்டுக்காரர், குடியிருப்பவர் வழக்குகளைத் தொகை வரம்பின்றி விசாரிக்கலாம்.
5. தீர்ப்புக்குப் பிறகும் வெளியேறாவிட்டால் வீட்டை மீட்கும் நீதிமன்ற ஆணையான உடைமை ரிட் எடுக்க வேண்டும்; தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்ற அதிகாரியான பேலிஃப் வந்து வீட்டை ஒப்படைப்பார். பூட்டு மாறும் நேரம் இதுதான்.

டிஸ்ட்ரஸ் என்பது தனிப் பாதை. 1951ஆம் ஆண்டு டிஸ்ட்ரஸ் சட்டத்தின்படி, மறுதரப்புக்கு முன்னறிவிப்பு இன்றியே நீதிமன்றத்திடம் வாரண்ட் வாங்கி, 12 மாதம் வரையிலான பாக்கிக்காக வீட்டிலுள்ள பொருள்களைப் பேலிஃப் மூலம் கைப்பற்றலாம். இது வாடகை நடப்பில் இருக்கும்போது பாக்கியை வசூலிக்கும் வழி. ஆளை வெளியேற்றும் வழி அல்ல. வாடகையை முடித்துவிட்டதாக ஒரு கையில் நோட்டீஸும் மறு கையில் டிஸ்ட்ரஸ் மனுவும் வைத்திருப்பவர் தன் வழக்கைத் தானே குழப்பிக்கொள்கிறார். எது வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

700 ரிங்கிட் வீட்டுக்கு வழக்குச் செலவு பல மாத வாடகையைத் தின்றுவிடும். பாக்கியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, குறித்த தேதியில் சாவியை வாங்கிக்கொள்ளும் எழுத்து உடன்பாடு பல நேரங்களில் வீட்டுக்காரருக்கே லாபம். அதில் தேதி, விட்டுக்கொடுக்கும் தொகை, டெபாசிட் கணக்கு, சாவி ஒப்படைப்பு, பில்களின் நிலை ஐந்தும் இருக்கட்டும், இருவரும் கையெழுத்திடுங்கள்.

குடியிருப்பவர் வீட்டுக்கு வந்து பூட்டு மாறியிருப்பதைக் கண்டால், பூட்டை உடைக்க வேண்டாம். கதவைப் படமெடுங்கள், போலிஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். சிவில் விவகாரம் என்று போலிஸார் சொன்னாலும் ரிப்போர்ட் தேதியிட்ட ஆதாரம். உள்ளே இருக்கும் பொருள்களின் பட்டியலை, மருந்து, பள்ளிப் புத்தகம், அடையாள ஆவணங்கள் உட்பட, அன்றே எழுதி வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். பிறகு வக்கீலிடம் போங்கள்.

பழுது

கூரையை இத்தனை நாளில் சரி செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் வீட்டு வாடகைச் சட்டம் இல்லாததால், ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்: கூரை, முதன்மைச் சுவர், நிலத்தடிக் குழாய், வயரிங், செப்டிக் டாங்கி வீட்டுக்காரர் பொறுப்பு, பல்பு, குழாய் வாஷர், ஏர்கோன் சர்வீஸ், அடைப்பு குடியிருப்பவர் பொறுப்பு. பழுதைக் காரணம் காட்டி வாடகையை நிறுத்தினால் தவறு குடியிருப்பவர் பக்கம் திரும்பிவிடும். எழுத்தில் அறிவித்து, விலை மதிப்பீட்டை அனுப்பி, "இந்தச் செலவை வாடகையில் கழிக்கலாம்" என்ற ஒப்புதலை எழுத்தில் வாங்கிய பிறகே கழியுங்கள்.

அந்நியத் தொழிலாளருக்கு வீடு விடும்போது

தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் ஆள் எடுக்கும் நிறுவனங்கள் தாமான் வீடுகளை மொத்தமாக எடுக்கின்றன. வாடகையும் நூறு இருநூறு கூடுதலாகக் கிடைக்கும். கையெழுத்திடும் முன் நிறுவனத்திடம் தொழிலாளர் இலாகாவின் தங்குமிடச் சான்றிதழ் பற்றிக் கேளுங்கள். 446ஆம் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. அது இல்லாமல் ஆள் வைக்கும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். வரிசை வீட்டில் தூங்கும் இடம் ஆளுக்குக் குறைந்தது 3.6 சதுர மீட்டர். 3 மீட்டருக்கு 3.6 மீட்டர் அறையில் மூன்று பேருக்குத்தான் இடம். ஆறு கட்டில் போடக்கூடாது.

வீட்டுக்காரரை நேரடியாகத் தொடுவது குடிநுழைவுச் சட்டத்தின் 55இ பிரிவு. முறையான குடிநுழைவு ஆவணமில்லாத வெளிநாட்டவரைத் தன் இடத்தில் தங்க அனுமதித்தால் ஒவ்வொருவருக்கும் 5,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எனவே தங்குபவர்களின் பெயர்ப் பட்டியல், பாஸ்போர்ட் நகல், பெர்மிட் முடியும் தேதி ஆகியவற்றை ஒப்பந்தத்தோடு இணையுங்கள். ஆள் மாறும்போதெல்லாம் புதுப் பட்டியல் தர வேண்டும் என்றும், முன்னறிவிப்போடு மாதம் ஒருமுறை வீட்டைப் பார்வையிடலாம் என்றும் எழுதுங்கள். பெர்மிட் முடியும் தேதிகளைத் தனித் தாளில் குறித்து, முடிவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே நிறுவனத்திடம் புதுப்பித்த நகலைக் கேளுங்கள்.